பூட்டக்கா திரும்பிப் பார்க்காத கண்ணாடி

பூட்டக்கா என்றால்தான் அந்தத் தொழிற்சாலையில் அவளைத் தெரியும். பூட்டிய கதவை இழுத்துப் பார்த்து, தெருமுனை வரை வந்து, மறுபடி போய் இழுத்துப் பார்க்கிறவள். தன் கல்யாணத்தன்றே, குழாயை மூடினோமா என்று பாதி வழியில் இறங்கி ஓடினவள். புருஷன் இன்றுவரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான். சிரிக்கட்டும். அம்மா போனபின் கைக்குழந்தையாய்க் கிடந்த தம்பியை வளர்த்தவளுக்குப் பயம் எப்படி விடும்?

வேலையும் பயத்துக்கு ஏற்ற வேலைதான். இரும்புத் தகட்டை லேசர் ஒளியால் வெட்டும் எந்திரத்தில் வட்டக் கண்ணாடி பொருத்துவாள். கண்ணாடி முகமெங்கும் மயிரிழையைவிட மெல்லிய கோடுகள். கோடுகள் படுத்திருந்தால், படுக்கைவாக்கில் மட்டும் அதிர்ந்து வரும் லேசர் ஒளியை ஒழுங்காகத் திருப்பி அனுப்பும். நிமிர்ந்து நின்றுவிட்டாலோ, அதே ஒளி ஊடுருவிப் பின்பக்கம் போய்விடும். பின்பக்கம் உட்கார்ந்து சோதனை பார்ப்பவன் அவள் தம்பி. கண்ணுக்குத் தெரியாத ஒளி அது, பட்டால் கண்ணையே பறித்துவிடும்.

கோடுகளும் கண்ணுக்குத் தெரியாது. டார்ச் அடித்தால் நிறங்கள் மேலும் கீழுமாக விரிய வேண்டும். பக்கவாட்டில் விரிந்தால் தப்பு. பொருத்தியதும் ஒருதடவை பார்ப்பாள், மூடி போடுமுன் இன்னொரு தடவை பார்ப்பாள்.

அன்று முதல்தடவை பார்த்துக்கொண்டிருக்கும்போதே தம்பி வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, ஒரு நாளாவது திரும்பிப் பாக்காம வேலைய முடியேன். எல்லாரும் சிரிக்கிறாங்க."

அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டாவது தடவை பார்க்காமலே படக்கென்று மூடியைப் போட்டுத் திருகாணியை முடுக்கிவிட்டாள்.

மதியம் கை கழுவும்போது சோப்பு நுரையில் நிறங்கள் குறுக்கே ஓடின. ஐயோ! காலையில் கண்ணாடியிலும் இப்படிக் குறுக்கேதானே விரிந்தன? பார்த்தது நிஜமா, வழக்கமான பயமா? ஈரக் கையோடு ஓடினாள்.

சோதனை அறைக் கதவு சாத்தியிருந்தது. மேலே மஞ்சள் விளக்கு. அது சிவப்பானால் ஒளி பாயும். மேற்பார்வையாளர் குறுக்கே வந்தார்.

"மறுபடியுமா பூட்டக்கா? போன தடவ சும்மா நிறுத்தி, பாதி நாள் வேலை கெட்டுச்சே."

வாஸ்தவம்தான். அவரைத் தள்ளிவிட்டு நிறுத்தும் பொத்தானை ஓங்கி அடித்தாள்.

தம்பி கொதித்துப்போய் வெளியே வந்தான். "ஏன்க்கா இப்படி மானத்த வாங்குற?"

"திட்டுறத அப்புறம் திட்டுடா. மூடியத் தொறந்து பாரு."

அவன் மூடியைக் கழற்ற, அவள் டார்ச்சை நீட்டினாள். அவன்தான் வாங்கி அடித்தான். நிறங்கள் பக்கவாட்டில் விரிந்தன. தம்பி தன் நாற்காலியை ஒருதடவை பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

சாயங்காலம் வேலையறையைப் பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு வாசலுக்கு வந்தாள். தம்பி காத்திருந்தான்.

"பூட்டினியாக்கா?"

"பூட்டிட்டேன்."

"இழுத்துப் பாத்தியா?"

"பாத்தேன்டா."

அவன் நகரவில்லை. "வாக்கா," என்றான், "இன்னொரு தடவ பாத்துட்டு வந்துடலாம்."