டாக்டர் இன்ஸாஃப் கொண்டுவந்த ஆள்

"வாயை நல்லாத் திறங்க. இன்னும். ஆங், அப்படியே இருங்க. இப்ப சொல்லுங்க, அந்த பெனால்டியை அவன் இடது பக்கம் அடிச்சது சரியா, தப்பா?"

நாற்காலியில் சாய்ந்திருப்பவரின் வாயில் பஞ்சு உருண்டைகள், கண்ணாடி, எச்சில் உறிஞ்சும் குழாய் எல்லாம் இருக்கும். அவர் "ஆ... ஆ..." என்பார். "அதையேதான் நானும் சொல்றேன்!" என்று மகிழ்ந்து, டாக்டர் இன்ஸாஃப் சொத்தையைக் குடையத் தொடங்குவார்.

எகிப்தின் தும்யாத் நகரில் பல் வைத்தியர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் உள்ளூர்க் கால்பந்து அணியான மஸப் கழகம் ஜெயித்த மறுநாள் கட்டணம் வாங்காமல் பல் பிடுங்குகிறவர் இவர் ஒருவர்தான். இந்தக் குளிர்காலத்தில் ஊரே பணம் கொடுத்துத்தான் பல்லைப் பிடுங்கிக்கொண்டது. கழகம் தோற்றுக்கொண்டே இருந்தது. வெளியூர்க்காரர்கள் தும்யாத்காரர்களைக் கருமிகள் என்று கேலி செய்வது பழைய வழக்கம். இப்போது மைதானத்திலும் அதையே பாட்டாகப் பாடினார்கள்: "ஒரு கோலுக்குக்கூடச் செலவு பண்ண மாட்டீங்களாய்யா?"

டாக்டருக்கு ஐம்பத்திரண்டு வயது. கட்டையான உருவம், கனத்த குரல். கழகத்தின் நிர்வாகக் குழுவில் ஒரே பெண் அவர். குழுவினருக்கென்று நிழலில் மெத்தை போட்ட நாற்காலிகள் உண்டு. அவர் அங்கே உட்காரமாட்டார். "அங்கேருந்து கத்தினா நடுவருக்குக் கேக்காது" என்பார். கீழே, கோட்டுக்குப் பக்கத்துச் சிமெண்டுப் படியில் கணவர் வஹீதையும் இழுத்துக்கொண்டு போய் உட்காருவார். வஹீத் பள்ளிக்கூடத்தில் பூகோளம் கற்பிக்கிறவர். பந்து உருளத் தொடங்கியதும் தூங்கிவிடுவார். கோல் விழுந்தால் மனைவி உலுக்குவார். எழுந்து கைதட்டிவிட்டு மறுபடி தூங்குவார். இந்தப் பருவத்தில் அவருக்கு நல்ல தூக்கம்.

கழகத்தின் பொது மேலாளர், அதாவது ஆட்டக்காரர்களை வாங்குவது விற்பது, பயிற்சியாளரை வைப்பது நீக்குவது எல்லாவற்றுக்கும் பொறுப்பானவர், தம்பி கல்யாணத்துக்கென்று குவைத்துக்குப் போனார். போன இடத்திலிருந்து கைப்பேசியில் ராஜினாமாவை அனுப்பிவிட்டார். அவருக்குத் தம்பியே கிடையாது என்பது பிறகுதான் தெரிந்தது.

கழகத் தலைவர் ஹாஜி ஷெர்பீனி சோபா வியாபாரி. குழுவைக் கூட்டி, எல்லோருக்கும் மிஷப்பக் வாங்கிக் கொடுத்தார். அந்த ஊர் இனிப்பு. தேன்பாகு சொட்டும், விரலை விடாது. எல்லோர் விரலும் ஒட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்துச் சொன்னார்:

"புது மேலாளரை டாக்டரம்மாவே தேர்ந்தெடுக்கட்டும். அவங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே."

குழுவில் எல்லோரும் அவசரமாகத் தலையாட்டினார்கள். அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிட்டால் கல்லடி பட ஒரு ஜன்னல் வேண்டும். அது பல் ஆஸ்பத்திரியின் ஜன்னலாக இருந்தால் நல்லது என்று அவர்களுக்கு எண்ணம். டாக்டருக்கும் அது புரிந்தது. புரிந்தும், "சரி" என்றார். இத்தனை வருஷம் கத்தியவரால் வேறென்ன சொல்ல முடியும்?

வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு, மூடியிருந்த ஆஸ்பத்திரியில் ஆட்களை வரச் சொன்னார். எல்லோரிடமும் கேட்க ஒரே கேள்விதான் வைத்திருந்தார்: "நீங்க வந்தா முதல்ல யாரை வெளிய அனுப்புவீங்க?"

முதலில் வந்தவர் கேப்டன் நாதிர். ஒரு காலத்தில் கெய்ரோவில் பெரிய ஆட்டக்காரர். ஆள் வந்து போன பிறகும் அவருடைய அத்தர் வாசம் போகவில்லை. தான் போட்ட கோல்களைக் காத்திருப்பு அறையின் நாற்காலிகளை நகர்த்தி வைத்தே விளக்கினார். கேள்விக்கு, மார்பில் கைவைத்து, "யாரையும் அனுப்ப மாட்டேன் டாக்டர். எல்லாரும் என் பிள்ளைங்க" என்றார். பிறகு, கடல் பார்த்த வீடு தருவீர்களா என்று கேட்டார்.

அடுத்தவர் ஹாஜி ஷெர்பீனியின் மருமகன் ஹேஷாம். வெளிநாட்டில் விளையாட்டு நிர்வாகம் படித்துவிட்டு வந்த நல்ல பிள்ளை. மடிக்கணினியில் வண்ண வண்ண வட்டங்கள் காட்டினார். கேள்வியைக் கேட்டதும் திரையை மூடிவிட்டு, "மாமாவைக் கேட்டுச் சொல்றேன்" என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டில் டாக்டர் தட்டுகளைச் சத்தம் வர வைத்தார். வஹீத் அவரைக்காய் மசியலை ரொட்டியில் வழித்துக்கொண்டே கேட்டார்:

"உங்க நல்ல ஆட்டக்காரன் ஒருத்தனை மன்சூராக்காரன் எவனோ தூக்கிட்டுப் போனான்னு வருஷக்கணக்கா அழுறியே, அந்த ஆள் இப்ப என்ன பண்றான்?"

"எவன், ஷுக்ரியா? அந்தத் திருடனா?"

"திருடத் தெரிஞ்சவன் உங்க பக்கம் இருந்தா நல்லதில்லையா?"

அன்றிரவு கணவருக்குத் தேநீர் கிடைக்கவில்லை.

ஷுக்ரி பஸ்யூனி பக்கத்து ஊரான மன்சூராவின் வர்தா கழகத்தில் மேலாளராக இருந்தவர். ஐந்து வருஷத்துக்கு முன்னால், மஸப்பின் முன்வரிசை ஆட்டக்காரனை ஒரே மாலையில் பேசி முடித்துத் தன் கழகத்துக்குக் கொண்டுபோய்விட்டார். அடுத்த ஆட்டத்தில் அவரைப் பார்த்த டாக்டர் இன்ஸாஃப், காலில் இருந்ததைக் கழற்றி வீசினார். குறி தப்பியது. இப்போது ஷுக்ரி கழகத்தோடு சண்டை போட்டு வெளியேறி, அண்ணனின் குளியலறைச் சாமான் கடையில் மாடியில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் மைக்ரோபஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது, குழாய்களுக்கு நடுவே எலும்பும் தோலுமாக ஒரு மனிதர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்கதானே என்மேல செருப்பு வீசினது?"

"படலையே."

"படல. ஆனா நீங்க ஒத்தச் செருப்போட எப்படி வீட்டுக்குப் போனீங்கன்னு ரொம்ப நாளா யோசிச்சேன்."

"டாக்ஸியில போனேன். உங்க யோசனைக்கு நன்றி. ஒரு கேள்வி கேக்கணும்."

கேட்டார். ஷுக்ரி ஒரு விநாடிகூட எடுத்துக்கொள்ளவில்லை.

"தொல்பாவை அனுப்புவேன்."

"எந்தத் தொல்பா?"

"உங்க ஊர்ல எத்தனை தொல்பா ஆடுறாங்க?"

தொல்பா அணித் தலைவன். பதினெட்டு வயதில் மஸப்புக்கு ஆட வந்தவன். முன்பல் உடைந்து ரத்தத்தோடு வந்த நாளில் அவனுக்குப் பல் வைத்துக் கொடுத்தவர் டாக்டர்தான். அவன் சிரிக்கும் படம் பத்திரிகையில் வந்தால், "பாருங்க, என் பல்" என்று எல்லோரிடமும் காட்டுவார். அவன் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்.

"முப்பத்தாறு வயசாச்சு. முழங்கால் போயிடுச்சு" என்றார் ஷுக்ரி. "அவன் பந்துக்கிட்ட போறதுக்குள்ள, பந்து வீட்டுக்குப் போயிச் சாப்பிட்டுட்டு வந்துடுது. இது உங்க பயிற்சியாளருக்கும் தெரியும். ஆனா அவனை உட்கார வைக்கப் பயப்படுறார்."

"யாருக்குப் பயப்படுறார்?"

"படியில ஒரு டாக்டரம்மா உட்கார்ந்திருக்காங்களாம். தொல்பாவை எடுத்தா மைதானமே அதிர்ற மாதிரி கத்துவாங்களாம்."

டாக்டர் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். படியிறங்கினார். எதிர்க்கடையில் கரும்புச் சாறு வாங்கி, குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி நின்றார். நுரை அடங்கியது. டம்ளரை அப்படியே வைத்துவிட்டு மறுபடி மாடியேறினார்.

"எப்ப வந்து சேர முடியும் உங்களால?"

குழுவில் ஹாஜி ஷெர்பீனிக்கு முகம் சிவந்தது. "அந்த மன்சூராக்காரனா? என் மருமகனுக்கு என்ன குறை?"

"ஒரு குறையும் இல்ல, ஹாஜி. நல்ல பிள்ளை. ஆனா பழி என் தலையில விழணும்னு முடிவு பண்ணினது நீங்கதான். பழி எனக்குன்னா முடிவும் எனக்குத்தான்."

குழுவினர் ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். இம்முறை மிஷப்பக் இல்லை.

ஷுக்ரி வரப்போகும் செய்தி பரவியதும் ஆஸ்பத்திரிச் சுவரில் கரியால் எழுதியிருந்தார்கள்: 'பல்லைப் பிடுங்கச் சொன்னா, நெஞ்சைப் பிடுங்கிட்டாங்க.' கடைவாய்ப்பல் எடுக்க வந்த மீன் வியாபாரி, நாற்காலியில் ஏறுமுன் ஓரக்கண்ணால் பார்த்து, "இன்னிக்கு யார் மேலயும் கோவம் இல்லையே, டாக்டர்?" என்று கேட்டுக்கொண்டார்.

தொல்பாவிடம் ஷுக்ரி சொல்வதற்கு முன்னால் தானே சொல்லிவிட வேண்டும் என்று டாக்டர் நினைத்தார். அவன் அப்பாவின் மேசை நாற்காலிப் பட்டறைக்குப் போனார். தொல்பா ஒரு கட்டில் தலைமாட்டுக்கு வார்னிஷ் பூசிக்கொண்டிருந்தான். டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. கேட்டு முடித்துக் கொஞ்ச நேரம் அவன் பூசிய இடத்திலேயே பூசிக்கொண்டிருந்தான்.

"இதைச் சொல்ல நீங்களா வந்தீங்க?"

"வேற யாரு? அந்த ஆளைக் கூட்டிட்டு வந்தது நான்தானே."

"அவனைத் திட்டுறதுக்கே நான் உங்ககிட்டதான் கத்துக்கிட்டேன், டாக்டரம்மா."

"திட்டணும்னு எனக்கு இப்பவும் ஆசைதான்."

தூரிகையை டப்பாவில் எறிந்தான். "என் முழங்காலைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? நீங்க பல் டாக்டர்!"

"ஒண்ணும் தெரியாது. அதனாலதான் இவ்வளவு நாளாக் கத்தினேன்."

தொல்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நீங்க வச்ச பல்லையும் வேணும்னா கழட்டிட்டுப் போங்க" என்றான். டாக்டர் வாசலில் சிறிது நேரம் நின்றார். வார்னிஷ் நெடி கண்ணை எரித்தது. கண்ணைத் துடைத்துக்கொள்ள அது ஒரு சௌகரியம். பிறகு நடந்தார்.

ஷுக்ரி வந்தார். வந்த வேகத்தில் பயிற்சியாளரை மாற்றவில்லை, எல்லோருக்கும் ஆச்சரியம். பயப்படாமல் ஆட்களை இறக்குங்கள் என்று மட்டும் அவரிடம் சொன்னார். நடுக்களத்தில் தொல்பாவின் இடத்தில் புதிதாக ஒருவன் ஆடினான், வேர்க்கடலை கொறிக்கிற அணில் மாதிரி ஓயாமல். முதல் ஆட்டம் கோலில்லாமல் சமன். அடுத்ததில் ஜெயம். டாக்டர் மறுநாள் ஏழு பல்லை இனாமாகப் பிடுங்கினார். பிறகு ஒரு தோல்வி, ஒரு சமன். தவழ்ந்து, தடுமாறி, கடைசி ஆட்டத்தில் தோற்காமலிருந்தால் போதும் என்ற நிலைமைக்குக் கழகம் வந்து சேர்ந்தது. ஷுக்ரியும் டாக்டரும் மட்டும் பேசிக்கொள்வதில்லை. எதிர்ப்பட்டால் அவர் டாக்டரின் காலைப் பார்ப்பார். டாக்டர் வானத்தைப் பார்ப்பார்.

தொல்பா மைதானத்துப் பக்கமே வரவில்லை.

அந்தக் கடைசி ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது; மஸப் தப்பியது. ஊர்வலம், தாளம், ஹாஜி ஷெர்பீனி எல்லோர் தோளிலும் ஏறிக்கொண்டது எல்லாம் அப்புறம். அதற்கு முன், இடைவேளையில், மஸப் ஒரு கோல் பின்தங்கியிருந்த நேரத்தில், படிக்கட்டின் கீழ்வாசலில் தொல்பா வந்து நின்றான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. கைதட்டுவதா, பேசாமலிருப்பதா என்று கூட்டத்துக்குத் தெரியவில்லை. ஆடுகிறவர்கள் வரும் வாசல் தெரிந்த அளவுக்கு, பார்க்கிறவர்கள் உட்காரும் இடம் அவனுக்குப் பழக்கமில்லை. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் அண்ணாந்து படிகளைப் பார்த்தான்.

டாக்டர் இன்ஸாஃப் அவனைக் கூப்பிடவில்லை. தூங்கிக்கொண்டிருந்த வஹீதைச் சட்டைக் கையைப் பிடித்து ஒரு ஆள் தூரம் இழுத்து நகர்த்தினார். கழுத்திலிருந்த கழகத்தின் மஞ்சள் துண்டை உருவி, காலியான சிமெண்டில் கடலைத் தோலும் தூசியும் போக நன்றாகத் துடைத்தார். பிறகு அந்தத் துண்டையே மடித்து அங்கே விரித்துவிட்டு, மைதானத்தின் பக்கம் பார்த்துக்கொண்டே, அதன்மேல் கையால் தட்டினார்.