சம்படத்தில் வைத்த பாதி வில்லைகள்

எங்கள் வீட்டுக்குப் பாத்திரம் கழுவும் இயந்திரம் வந்தபோது அதோடு ஒரு சின்னப் பையில் மூன்று சோப்பு வில்லைகளும் வந்தன. மூன்றும் மூன்று நாளில் தீர்ந்தன. நான்காம் நாள் எந்த வில்லையை வாங்குவது என்று கடையில் நின்று யோசித்தேன். அங்கேதான் எல்லாம் தொடங்கியது. கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வந்திருந்தால் அப்பா இன்றைக்கும் வாயால் சோறு தின்றுகொண்டிருப்பார்.

திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் எனக்குச் சோதிக்கும் வேலை. மற்றவர்கள் எழுதிக் கொடுப்பதில் எங்கே ஓட்டை என்று தேடுவது. புத்தியில்லாத ஒருவன் எந்தெந்த இடத்தில் எதைத் தப்பாக அழுத்துவான் என்று யோசித்துப் பட்டியல் போடுவது. இதற்குத்தான் எனக்குச் சம்பளம். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே செய்யலாம். நெடுஞ்சாலை லாரிகளின் இரைச்சல் ஏறிவரும் ஏழாவது மாடியில், சாப்பாட்டு மேசையின் ஒரு மூலைதான் என் அலுவலகம். அந்தப் புத்தியைக் கணினியோடு மூடி வைக்க எனக்குத் தெரியாது. துவரம்பருப்பு வாங்கினாலும் இரண்டு கடைப் பருப்பை இரண்டு குக்கரில் வேகவைத்துப் பார்க்கிற ஆள் நான்.

ஐந்து வகை வில்லைகள் வாங்கினேன். வகைக்கு ஒரு வாரம் என்று ஒதுக்கினேன். ஒவ்வொரு வாரமும் ஒரே அழுக்கு இருக்க வேண்டும் என்பதற்காக மஞ்சளையும் தேங்காயெண்ணெயையும் குழைத்து ஒரு பீங்கான் தட்டில் தடவிக் காயவைப்பேன். கண்ணாடித் தம்ளரில் சாயா ஊற்றி ஆடை ஒட்டும்வரை விடுவேன். அடிப்பிடித்த பால் பாத்திரம் ஒன்று. சாம்பார்க் கரண்டி ஒன்று. முடிவுகளை எழுத ஒரு நோட்டு.

என் கணவர் திருவனந்தபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். தட்டில் நான் மஞ்சள் தேய்ப்பதைப் பார்த்து, "நினக்கு வேற ஜோலி இல்லியா? பாத்திரம் வெளுத்தா மதியே," என்றார். மதி என்றால் அவர் பாஷையில் போதும்.

"எதுல நல்லா வெளுக்குன்னு தெரிய வேண்டாமா?"

"பின்னே, அஞ்சு வாரம் மஞ்சத் தட்டுலதான் சோறு." சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அப்பா சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முழுச் சோதனையையும் பார்த்தார். அம்மா போன பிறகு நாகர்கோவில் வீட்டைப் பூட்டி அவரை இங்கே கூட்டிவந்து அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எண்பதை நெருங்குகிறவர். நாள் முழுக்க அவருக்குப் பார்க்க வேறு எதுவும் இல்லை, பால்கனியையும் என்னையும் தவிர.

அப்பாவுக்குச் சர்க்கரை. சாதாரணச் சர்க்கரை இல்லை. இங்கே வந்த முதல் வருஷமே வலது காலில் ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. இன்னொரு புண் வந்தால் பாதத்தையே எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். அன்றிலிருந்து வீட்டில் இனிப்பு என்ற பேச்சே கிடையாது. அப்பாவோ இனிப்புக்காக உயிரை விடுகிற மனிதர். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்களே, அது அவருக்காகவே சொன்னது. பிஸ்கட், சீனி, குழந்தைகளுக்காக அடுத்த வீட்டில் வாங்கி வைத்திருந்த மிட்டாய், எதையும் விட்டதில்லை. மோப்பம் பிடித்துத்தான் கண்டுபிடிக்கிறார் என்று நினைத்தால் அதுவும் இல்லை. ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அவர் மூக்கு மணத்தை அறிவதை நிறுத்திவிட்டது. கண்ணால் பார்த்துத்தான் திருடுவார், அந்தக் கண்ணும் சர்க்கரையால் கொஞ்சம் மங்கியது.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். பிடித்துவிட்டால் முன்னால் போய் நின்று, "யப்பா, வாயத் தொறங்க," என்பேன். அவர் உதட்டை இறுக்கி மூடிக்கொள்வார். கன்னம் அசையாமல் உள்ளே கரைத்து, மெல்ல விழுங்கி, அதற்குப் பிறகுதான் திறப்பார்.

"ஒண்ணுமில்ல மக்ளே, பாரு." நாக்கைக் கூட நீட்டிக் காட்டுவார்.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. விரல் போன பிறகு சிரிப்பு வரவில்லை. கத்தினேன். ஒருநாள் அடுத்த வீட்டுக்காரி முன்னாலேயே, "இந்த வயசுல வெக்கமா இல்லையா," என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு பால்கனிக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு என்னைக் கண்டால் உதடு இறுகுவது இன்னும் வேகமாயிற்று. காலைக் காப்பாற்றுகிறோம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வில்லைகளில் முதலாவது மஞ்சளை எடுத்தது, ஆனால் கண்ணாடியில் சாம்பல் படர விட்டது. எங்கள் குடியிருப்பில் ஆழ்குழாய்த் தண்ணீர், உப்பு கூடுதல். இரண்டாவது மேலுறையோடு போடும் சாதி. இங்கத்து ஈரத்தில் பெட்டிக்குள்ளேயே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. மூன்றாவது சாம்பார்க் கரண்டியிடம் தோற்றது. ஐந்தாவது வாசனை மட்டும்தான். நான்காவதுதான் ஜெயித்தது. மேலே இளஞ்சிவப்பு, கீழே வெள்ளை, அச்சுப்போல நாலு மூலை. அடிப்பிடித்த பால் பாத்திரத்தைக்கூட அது விடவில்லை.

கடைசியாக, எது சீக்கிரம் கரைகிறது என்றும் பார்த்தேன். வில்லை மெதுவாகக் கரைந்தால் குறைந்த நேரக் கழுவலில் தட்டில் சோப்பு மாவு நின்றுவிடும். ஐந்து தம்ளரில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்து ஒரே நேரத்தில் போட்டேன். நான்காவது வில்லை தண்ணீரைத் தொட்டதுமே நுரைத்து உடைந்தது. மற்றவை அசையவே இல்லை.

"அது என்னது மக்ளே, கரச்சுக் குடிக்கதா?" என்றார் அப்பா.

"குடிச்சா கொடலு வெந்துரும். அங்கன தள்ளி இருங்க."

நோட்டில் நான்காவதற்கு நேராக, 'மிக வேகமாகக் கரைகிறது, முதலிடம்' என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

ஜெயித்த வில்லையோடு நான் நின்றிருக்கலாம். ஆனால் நாங்கள் மூன்றே பேர். கொஞ்சப் பாத்திரத்துக்கு முழு வில்லை அதிகம் என்று பட்டது. அம்மாவின் பாக்குவெட்டியை எடுத்து ஒன்றைப் பாதியாக வெட்டிப் போட்டேன். பாத்திரம் அப்படியே பளிச்சென்று வந்தது. அப்பா மத்தியானத் தூக்கத்தில் இருந்தபோது ஒரு பெட்டி முழுவதையும் உறை பிரித்து வெட்டிவிட்டேன். வெட்டிய பாதிகள் காற்றுப் படக்கூடாது. இடவப்பாதி என்று இங்கே சொல்லும் தென்மேற்குப் பருவமழை பிடித்த நேரம். பொன்முடி மலைப் பக்கம் இருட்டினால் அரை மணியில் எங்கள் வீட்டு உப்புச் சாடி கசியும். இறுக்கமான மூடி வேண்டும். நாகர்கோவிலிலிருந்து வந்த பெட்டியைக் குடைந்து அம்மாவின் எவர்சில்வர் சம்படத்தை எடுத்தேன். மூடியைத் திறக்க நகம் வலிக்கும், அவ்வளவு இறுக்கம்.

அந்தச் சம்படத்தில் அம்மா என்ன வைத்திருந்தாள் என்று எனக்கு நினைவில்லாமல் இல்லை. தேங்காய் பர்பி. பாதி வெள்ளை, பாதி இளஞ்சிவப்பு. அப்பாவுக்குத் தெரியாமல் மேல்தட்டில் இட்லிக் கொப்பரைக்குப் பின்னால் ஒளித்து வைப்பாள். அவர் எடுப்பார். எடுத்தது தெரிந்தும் தெரியாததுபோல அவள் அடுத்த வாரம் மறுபடி நிரப்புவாள். நாற்பது வருஷம் அவர்களுக்குள் நடந்த விளையாட்டு. நானும் அந்தச் சம்படத்தை மேல்தட்டில், இட்லிக் கொப்பரைக்குப் பின்னால்தான் வைத்தேன். அந்தச் சம்படத்துக்கு வேறு இடம் உண்டென்று எனக்குத் தோன்றவே இல்லை.

நான் ஏணி ஸ்டூலில் நின்று வைக்கும்போது அப்பா சமையலறை வாசலில் நின்றிருந்தார்.

"சம்படத்துல என்ன மக்ளே?"

"ஒண்ணுமில்ல. நீங்க போயி நடங்க." எனக்கு ஒரு மீட்டிங் தொடங்க இரண்டு நிமிடம் இருந்தது. சோப்பு என்ற ஒரு சொல்லைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும். சொல்லவில்லை.

அவர் முகத்தில் அப்போது ஒரு வெளிச்சம் வந்தது. நான் பார்த்தேன். நடக்கச் சொன்னதும் மறுபேச்சு இல்லாமல் போனாரே என்று சந்தோஷம்கூடப் பட்டேன். இனிப்பை ஒளிக்கும்போது இந்த வீட்டில் எல்லோரும் சொல்கிற பதில் 'ஒண்ணுமில்ல'தான் என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த சில நாட்களில் இரண்டு தடவை ஏணி ஸ்டூல் இடம் மாறியிருந்தது. என் கணவரிடம் கேட்டேன். பல்பு மாற்ற எடுத்திருப்பேன் என்றார். ஒருநாள் சம்படத்தின் மூடியில் விரல் தடம் தெரிந்தது. என் விரல்தான் என்று புடவைத் தலைப்பால் துடைத்து வைத்தேன். அப்பாவால் திறக்க முடியவில்லை என்பதுதான் உண்மை. மூன்றாவது தடவைக்காக அவர் காத்துக்கொண்டிருந்தார்.

அன்று மத்தியானத்திலிருந்தே மழை. நாலு மணி வாக்கில், காதில் ஹெட்போனோடு பேசிக்கொண்டிருந்தவளுக்கு 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டது. சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரிந்த சத்தம். இரண்டு நிமிடம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன்.

அப்பா சுவரைப் பார்த்து நின்றிருந்தார். மேடையில் சம்படம், பக்கத்தில் மூடி, மூடியோரத்தில் ஒரு கரண்டி. கரண்டியால் நெம்பியிருக்கிறார். என் காலடி கேட்டதும் திரும்பினார். உதடு இறுகி மூடியிருந்தது.

எனக்கு ஏறிய கோபத்தில் சம்படத்தில் இருப்பது என்ன என்பது புத்திக்கு வரவில்லை. ஐந்து வாரம் அதையே தடவிப் பார்த்தவள் நான். ஆனால் அந்த உதட்டைப் பார்த்ததும் எனக்கு வந்தது அந்த ஒரே பழைய கோபம்தான்.

"வாயில என்ன?"

தலையை ஆட்டினார். ஒன்றுமில்லை.

"தொறங்க."

திறக்கவில்லை. நான் இடுப்பில் கைவைத்துக்கொண்டு வழியை மறித்து நின்றேன். "நான் இங்கனயேதான் நிக்கப் போறேன். எவ்வளவு நேரம் வச்சிருக்கியன்னு பாப்போம்."

அவர் என்னையே பார்த்தார். கண் நிறைந்து வழிந்தது. நான் ஏசியதற்கு அழுகிறார் என்று நினைத்தேன். அழட்டும், அப்போதாவது புத்தி வரும் என்றுகூட நினைத்தேன். கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு தடவை விழுங்கினார். மறுபடியும் விழுங்கினார். உதட்டோரத்தில் வெள்ளையாக நுரை வந்தது. அதில் இளஞ்சிவப்பு இருந்தது.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

விரலை விட்டு வாயைத் திறந்தேன். அப்போதும் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு தடுத்தார். கையில் வந்தது ஒரு துளிக் கூழ் மட்டும். மற்றதெல்லாம் கரைந்து போயிருந்தது. குழாயடியில் தலையைக் குனியவைத்து வாயைக் கழுவிக் கழுவி, ஈரப் புடவையோடு அவரைக் காரில் ஏற்றினேன்.

ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டர் ஒருத்தி மலையாளத்தில் அடுக்கிக் கேட்டாள். என்ன பொருள், எவ்வளவு, கரைகிற சாதியா. எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. நோட்டு கைப்பையில் இருந்தது. கிளம்பும் அவசரத்தில் அதை ஏன் எடுத்துப் போட்டேன் என்று தெரியவில்லை. அடிக்கோடு போட்ட பக்கத்தை அவள் படித்தாள். பிறகு கேட்டாள்: "எத்தர நேரம் வாயில இருந்து?"

எவ்வளவு நேரம் வாயில் இருந்தது என்பதற்கு மட்டும் நோட்டில் விடை இல்லை. நான் இடுப்பில் கைவைத்து நின்ற நேரம் அது. ஒரு நிமிடம் இருக்கலாம் என்றேன். உடனே துப்பியிருந்தால் வாய் மட்டும் வெந்திருக்கும், ஏன் துப்பவில்லை என்று அவளாகவே சொல்லிக்கொண்டு திரும்பிப் போனாள். ஏன் துப்பவில்லை என்று எனக்குத் தெரியும். முன்னால் நான் நின்றிருந்தேன்.

உயிர் பிழைத்தார். தொண்டை சுருங்கிவிட்டது. சில மாதம் மூக்கில் குழாய், பிறகு வயிற்றில் குழாய். குரல் காற்றாகத்தான் வருகிறது. என் கணவர் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சம்படத்தை அவர்தான் எங்கோ கொண்டுபோய்ப் போட்டார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அதுபோல இப்போது எங்கள் வீட்டில் சோப்பு இருக்கும் அலமாரிக்குப் பூட்டு இருக்கிறது. இயந்திரம் ஓடுகிறது. இரண்டு பேர் தட்டு, இரண்டு தம்ளர். எந்த வில்லை என்று நான் பார்ப்பதில்லை.

நான்கு மணிக்கு அப்பாவின் கஞ்சியை வடிகட்டி, வயிற்றுக் குழாயில் செலுத்த ஊசிக்குழலில் எடுத்துக்கொண்டு அறைக்குள் போவேன். பால்கனிப் பக்கம் பார்த்துப் படுத்திருப்பார். என் காலடி கேட்டதும் மெல்லத் திரும்புவார். நான் ஒன்றும் கேட்பதில்லை. அவராகவே வாயை அகலத் திறந்து, நாக்கை நீட்டிக் காட்டுகிறார்.