இரண்டு தட்டினால்தான் வண்டி நகரும்

கிளிஃபர்ட் என்ட்விஸ்ல் முப்பத்தொரு வருடம் இங்கிலாந்தின் ஓல்டம் ஊரில் பேருந்து ஓட்டினான். ஒரு பூனையைக்கூட இடித்ததில்லை. இதை அவன் சொல்லிக்கொள்ள மாட்டான், நான்தான் சொல்லிக்கொண்டு திரிவேன். காரணம், அதில் பதினான்கு வருடம் அவனுக்கு நடத்துநர் நான், நெவில். மணியை ஒரு தரம் அடித்தால் வண்டி நிற்க வேண்டும், இரண்டு தரம் அடித்தால் போகலாம். இரண்டாவது மணி கேட்காமல் கிளிஃப் ஒரு நாளும் வண்டியை நகர்த்தியதில்லை. பயணிகள் கத்துவார்கள். அவன் பாட்டுக்கு உட்கார்ந்திருப்பான்.

ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் எங்களை விடவில்லை. மே மாதம் வந்தால் எங்கள் கிளப்பிலிருந்து எட்டுப் பேர் கடற்கரை ஊர் ஒன்றுக்குப் போய் மூன்று நாள் கோல்ஃப் ஆடுவோம். கிளிஃப் பீரைத் தொடமாட்டான், அதனால் வேன் ஓட்டுவது அவன்தான். நான் தலைகளை எண்ணி, கதவைச் சாத்தி, முன்சீட்டில் ஏறிக் கூரைத் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டுவேன். பின்னால் ஆறு கிழவர்களும் ஆரவாரம் செய்வார்கள். வேன் கிளம்பும்.

நாங்கள் ஆடுவது நகராட்சிப் பூங்காவுக்குள் இருக்கும் மைதானம். என் அப்பா சிறுவனாக இருந்தபோது போட்டது. பணக்காரர்களின் மைதானத்துக்கு வேலி உண்டு, இதற்குக் கிடையாது. நாயோடு வருகிறவர்கள், வாத்துக்கு ரொட்டி போடுகிறவர்கள், எல்லாரும் குறுக்கே போவார்கள். நான்காவது குழிக்கு அடிக்கும்போது பூங்காவின் நடைபாதையே நடுவில் வெட்டிக்கொண்டு போகிறது. பாதை காலியாகும்வரை யாரும் மட்டையை ஓங்கக்கூடாது. அங்கே எல்லாரும் மதிக்கிற சட்டம் அது ஒன்றுதான்.

இந்த வருடம் முதல் நாளிலிருந்தே எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. வரும் வழியெல்லாம் கிளிஃப், "நெவில், அந்தப் பலகையில என்ன போட்டிருக்கான்?" என்று கேட்டுக்கொண்டே ஓட்டினான். பேச்சுக்குக் கேட்கிறான் என்று நினைத்தேன். மைதானத்தில் ஒவ்வொரு அடிக்கும், "எங்கடா விழுந்துச்சு?" என்றான். இரண்டாம் நாள் பெர்சியின் பந்தை அடித்துவிட்டான். பெர்சி இறைச்சிக்கடை வைத்திருந்தவன், வாய் ஓயாதவன்.

"டேய், அது என் பந்துடா! மஞ்சப் புள்ளி போட்டு வச்சிருக்கேன், தெரியல? நல்லவேளை, நீ என் கடைக்கு வேலைக்கு வரல. பன்னியக் கேட்டவனுக்கு ஆட்டக் கட்டிக் குடுத்திருப்ப!"

எல்லாரும் சிரித்தார்கள். கிளிஃப் கடைசியாகச் சிரித்தான்.

ஒன்பதாவது குழிக்கு முன்னால் ஒரு மேடு. அதற்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று யார் கண்ணுக்கும் தெரியாது. முன்னால் ஆடுகிறவர்கள் நகர்ந்ததும் அங்கே தொங்கும் மணியை அடித்தால் நாம் நம்பி அடிக்க வேண்டியதுதான். அங்கே மட்டும் கிளிஃப் எங்கள் எல்லாரையும்விட நன்றாக அடித்தான். முகத்திலும் ஒரு நிம்மதி இருந்தது. எனக்கு அது அப்போது விளங்கவில்லை.

மூன்றாம் நாள் காலை. நான்காவது குழி. முந்தின இரண்டு நாளும் கிளிஃப் அங்கே நின்று, "காலியா?" என்று கேட்டான், நான் "காலி" என்றேன். நடத்துநரைச் சீண்டுகிறான் என்று எடுத்துக்கொண்டேன். அன்று நான் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தேன். கேட்டானோ, என் காதில் விழவில்லையோ. மட்டை பந்தில் படும் சத்தம் கேட்டு நிமிர்ந்தேன்.

பாதையின் நடுவில் சிவப்புக் கோட்டுப் பெண் ஒருத்தி குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

"பாத்து! பாத்து!" என்று பெர்சி அலறினான். பந்து வண்டியின் கூரைக்கும் அவள் கைக்கும் இடையே புகுந்து போய்க் குப்பைத்தொட்டியில் மோதியது.

"கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? உள்ள கொழந்த இருக்குய்யா!" என்று அவள் கத்தினாள்.

கிளிஃப் தொப்பியைக் கழற்றினான். "மன்னிச்சுக்கம்மா. வெயிலு கண்ணுல அடிச்சிருச்சு."

மற்றவர்கள் நம்பினார்கள். எங்கள் நிழல்கள் எங்களுக்கு முன்னால் புல்லில் நீண்டு கிடந்தன. வெயில் முதுகுப்பக்கம் இருந்தது.

அவனை மரங்களுக்குப் பின்னால் இழுத்துப் போனேன்.

"செவப்புக் கோட்டுடா, கிளிஃப். அதுகூடவா தெரியல?"

"நடுவுல ஒரு கறைடா. ஓரமெல்லாம் நல்லாத் தெரியும். எதை நேராப் பாக்குறனோ அது மட்டும் இருக்காது."

"எப்பருந்து?"

"ஈஸ்டருக்கு முன்னருந்து."

"டாக்டர்ட்ட போனியா?"

"போனா லைசென்ஸப் புடுங்கிருவாங்க. அப்புறம் எட்னாவ யாரு போய்ப் பாப்பா?"

எட்னா அவன் மனைவி. ஊருக்கு வெளியே ஒன்பது மைல் தள்ளி, மேட்டுப் புல்வெளியில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். அங்கே பேருந்து போகாது. தினமும் மதியம் கிளிஃப் காரில் போய் ஊட்டினால்தான் அவள் வாய் திறப்பாள். வருடத்தில் இந்த மூன்று நாள் மட்டும் அங்குள்ள நர்ஸ் எப்படியோ சமாளிப்பாள்.

"இந்த ஒரு தடவடா," என்றான். "உங்களக் கொண்டுபோய் வீட்ல சேத்துர்றேன். யார்ட்டயும் ஒரு வார்த்த சொல்லாத. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். நாற்பது வருட சிநேகிதன் கண் கலங்கி நிற்கும்போது வேறு என்ன செய்வது? ஆனால் அன்று மிச்சம் ஆடியதில் ஒரு அடிகூட எனக்கு நினைவில்லை. சாப்பாட்டு மேசையில் வறுத்த மீனை அப்படியே ஒதுக்கி வைத்தேன். பெர்சி மூன்றாவது பீரை வாங்கினான், மற்றவர்களும் சளைக்கவில்லை. எனக்கோ வண்டி ஓட்டவே தெரியாது, வாழ்க்கை முழுக்க மணி அடித்தவன். எழுபது மைல் நெடுஞ்சாலை. எட்டு உயிர். வழியில் இன்னும் எத்தனை சிவப்புக் கோட்டு?

வேனில் ஏறினோம். தலைகளை எண்ணினேன். கதவைச் சாத்தி முன்சீட்டில் உட்கார்ந்தேன். கிளிஃப் இன்ஜினை முடுக்கிவிட்டு, நேராகப் பார்த்தபடி காத்திருந்தான்.

கூரையில் ஒரு தட்டுத் தட்டினேன்.

பின்சீட்டில் ஆரவாரம் பாதியில் நின்றது. "என்னடா நெவில், யாரையாவது விட்டுட்டமா?" என்றான் பெர்சி.

ஒரு வார்த்தை சொல்வதில்லை என்று சத்தியம் செய்திருந்தேன்.

கிளிஃப் என் பக்கம் திரும்பினான். முகத்தைப் பார்க்காமல் என் காதோரம் பார்த்தான். அப்படிப் பார்த்தால்தான் நான் அவனுக்குத் தெரிவேன் என்று அப்போது புரிந்தது.

"இன்னொண்ணு தட்டுடா," என்றான் மெதுவாக. "நாளைக்கி மத்தியானம் எட்னா பாத்துக்கிட்டே இருப்பா."

நான் கையை மடியில் வைத்து இறுக்கிக்கொண்டேன். அழுகை வந்தது. அவன் கியரைத் தொடவில்லை. வெகுநேரம் காத்திருந்தான். பிறகு சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினான்.