பெயர் தெரியாத மருந்து

கறிவேப்பிலைச் செடியில் எறும்புகள் வரிசையாக ஏறுவதைப் பார்த்தும் நான் அலட்டிக்கொள்ளவில்லை. எறும்பு இலையையா தின்னப்போகிறது என்று விட்டுவிட்டேன். ஒரு வாரத்தில் இலையெல்லாம் பிசுபிசுத்து, கரி அப்பியது போல் கறுத்துவிட்டது. காம்பு இடுக்குகளில் வெள்ளைப் பஞ்சு. துபாயில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரருக்கு வீடியோவில் காட்டினேன்.

"மாவுப்பூச்சி. அது விடுற இனிப்புக்குத்தான் எறும்பு வருது. தண்ணிய வேகமாப் பீய்ச்சி அடி. அப்புறம் வேப்பெண்ணெயில சோப்புக் கலந்து வாராவாரம் அடி" என்றார்.

ஒரு முறை அடித்தேன். நாலாம் நாள் பஞ்சு திரும்ப வந்துவிட்டது. வாராவாரம் அடிக்கும் பொறுமை எனக்கு என்றைக்கும் கிடையாது. ஏரல் கடைத்தெருவுக்குப் போயிருந்தபோது பூச்சிமருந்துக் கடையில் ஏறினேன்.

"எதுக்கும்மா?" என்று கேட்டார் கடைக்கார அண்ணாச்சி.

"செம்பருத்திக்கு" என்றேன். உண்மையைச் சொன்னால் மறுபடி வேப்பெண்ணெயைத்தான் நீட்டுவார். வாழைக்கு அடிக்கிற மருந்தில் கொஞ்சம் ஒரு காலித் தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தார். "திங்கிற எதுலயும் பட்டுராமப் பாத்துக்கிடுங்க" என்று இரண்டு தடவை சொன்னார்.

மறுநாள் காலை முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டு அடித்தேன். வேலைக்கு வரும் பெண்ணை எச்சரித்தேன். தெருக்கதவைப் பூட்டினேன். இனி யாரும் பறிக்க முடியாது என்று குளிக்கப் போனேன்.

எங்கள் காயல்பட்டினத்தில் பெண்கள் கல்யாணமான பிறகும் தாய்வீட்டோடுதான். என் ராத்தா, கூடப்பிறந்த அக்கா, அடுத்த வீட்டில் இருக்கிறாள். நடுச்சுவரில் ஒரு கதவு. அது எப்போதும் திறந்தே கிடக்கும். அவள் வந்து போவதை ஒருவர் வந்து போவதாகவே நான் நினைத்ததில்லை. அதனால் அவளிடம் சொல்லத் தோன்றவே இல்லை.

மதியம் லுஹர் தொழுதுவிட்டுக் கொல்லைக்கு வந்தால், கீழ்க்கிளைகள் மொட்டையாக நின்றன. நடுக்கதவு வழியே ஓடினேன்.

"ராத்தா, கருவேப்பில பறிச்சியா?"

"ஆமா. புள்ளைக்கு ரெண்டு நாளாச் சோறு இறங்கலன்னு துவையல் அரச்சேன். ஏன்ளா?"

புள்ளை என்றால் ராத்தாவின் மகள். ஏழு மாதக் கர்ப்பிணி. உள்ளே தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். தட்டைப் பிடுங்கி எறிந்தேன். அதற்குள் பாதிச் சோறு காலியாகியிருந்தது.

விஷயத்தைச் சொன்னதும் ராத்தா கத்தவில்லை. "நல்லாக் கழுவித்தான் அரச்சேன், நாலு தண்ணி கழுவினேன்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். காரில் தூத்துக்குடிக்கு விரட்டினோம். சாகுபுரம் தாண்டும்போது புள்ளையின் நெற்றி வியர்த்தது. வெயிலாலா, மருந்தாலா என்று தெரியாமல் அந்த நெற்றியையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "என்ன மருந்து? பேரைச் சொல்லுங்க."

பாட்டிலை நீட்டினேன். அதில் குடிதண்ணீர்க் கம்பெனியின் லேபிள் ஒட்டியிருந்தது.

"பேரு தெரியாமலா அடிச்சே?" என்றாள் ராத்தா.

கடையின் போன் நம்பர் ரசீதில் இருந்தது, ரசீது பையில் கிடந்தது, அல்லாஹ் காப்பாற்றினான். இரண்டு முறை மணி அடித்து ஓய்ந்தது. மூன்றாம் முறை எடுத்தார். டாக்டரம்மாவுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். "கருவேப்பிலையிலயா அடிச்சீங்க? செம்பருத்திக்குன்னுதானம்மா கேட்டு வாங்கினீங்க?" என்றார் அண்ணாச்சி. எல்லோருக்கும் கேட்டது. ராத்தா என்னைத் திரும்பிப் பார்த்தாள். மருந்தின் பெயரை அவர் எழுத்துக்கூட்டிச் சொல்ல, டாக்டரம்மா எழுதிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மாலை அசர் தொழுகை நேரம் தாண்டும்வரை எங்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. நாங்கள் இருவரும் ஒரே பெஞ்சில் ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் நர்ஸ் உள்ளே கூப்பிட்டு, புள்ளையின் வயிற்றில் வைத்திருந்த கருவியின் சத்தத்தைக் கூட்டினாள். குழந்தையின் இதயம் குதிரை ஓடுவது போல அடித்தது. இலையைக் கழுவியதில் மருந்தில் பெரும்பகுதி போயிருக்கும், தாய்க்கும் பயமில்லை, நாளைவரை இங்கேயே பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டரம்மா.

வெளியே வந்து நான் வாய்விட்டு அழுதேன். ராத்தா என் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"அழாத. அந்தப் புள்ளைக்கோ வயித்துல உள்ளதுக்கோ ஒண்ணு ஆயிருந்தா, நான் மவுத்தாகி மண்ணுக்குப் போற வரைக்கும் உன் மூஞ்சில முழிச்சிருக்க மாட்டேன்" என்றாள், என் முதுகைத் தடவிக்கொண்டே.