அத்தை ஏறிய நாட்கள்

எழுபதுகள் முடியும் தறுவாய். ஐந்தாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில், அப்பாவோடு நானும் தினமும் ஜீப்பில் மலைக்குப் போய்வந்தேன். போடிமெட்டுக்கு மேலே எங்களுக்குக் கொஞ்சம் ஏலக்காய்த் தோட்டம் இருந்தது. அந்தச் சித்திரையில்தான் வண்டியின் சூடு காட்டும் முள் தொல்லை கொடுக்க ஆரம்பித்தது. முள் தினமும் ஏறியிருந்தால் கோளாறு பிடிபட்டிருக்கும். பத்து நாள் ஒழுங்காக ஓடும். பதினோராம் நாள் ஒன்பதாவது வளைவில் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டு நிற்கும்.

மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் பார்த்தார். ஃபேன் பெல்ட்டை மாற்றினார். பட்டறையில் நின்றபோது வண்டியில் ஒரு குறையும் தெரியவில்லை.

"ஒங்க வண்டிக்குக் காய்ச்சல் இல்லண்ணே, நடிக்குது. என்னைக்கி, எங்க, எம்புட்டு லோடுன்னு யாராச்சும் குறிச்சு வைங்க" என்றார்.

அந்த வேலை எனக்கு வந்தது. பழைய கட்டுரை நோட்டில் கட்டம் போட்டேன்: தேதி, கிழமை, வளைவு, லோடு, ஏறிய ஆட்கள். ஒரு நாளும் விடவில்லை.

அப்பாவின் தங்கை எங்கள் வீட்டில்தான் இருந்தாள். மாமா தோட்டத்திலேயே காய்ச்சலில் இறந்து, அங்கேயே அடக்கமானவர். கடைசியில் எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் கேட்டாராம், கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. அதனால் தோது கிடைத்த நாட்களில் அத்தை பெரிய கான்வாஸ் பை நிறையக் கிணற்றுத் தண்ணீரோடு வந்து ஏறுவாள், அவர் தலைமாட்டில் ஊற்றிவிட்டு வர. பையை வண்டியின் முன்பக்கக் கம்பிகளில் நான்தான் கட்டுவேன்.

"காத்துப் படுற எடமாப் பாத்துக் கட்டு ஆத்தா. மாமனுக்குக் குளுகுளுன்னு இருக்கணும்" என்பாள்.

முள் ஏறினால் அப்பா வண்டியை ஓரங்கட்டுவார். சூடு தணிந்ததும் அந்தப் பையை அவிழ்த்து ரேடியேட்டரில் ஊற்றுவார். பிறகு உச்சி வரை முள் அசையாது.

"எம் புருசன் தண்ணிதான் இன்னைக்கும் ஒங்களக் கொண்டாந்து சேக்குது" என்று அத்தை சிரிப்பாள். மிச்சத் தண்ணீரோடு பை அவள் மடியில் இருக்கும்.

வைகாசி பாதியில் ஒரு நாள் சித்தப்பா என் நோட்டைப் புரட்டினார்.

"அண்ணே, இதக் கேளு. நாலு தடவ முள் ஏறியிருக்கு. நாலு தடவையும் அக்கா வண்டில இருந்திருக்கு. அக்கா வராத நாள்ல ஒருக்காக்கூட ஏறல."

"என்ன பேச்சு இது?" என்றாள் அம்மா.

"நானா சொல்றேன்? ஒங்க மகதான் எழுதியிருக்கா."

அப்பா நோட்டை வாங்கி வெகுநேரம் பார்த்தார். என் எழுத்தை இத்தனை பேர் மதித்தது அதுவே முதல் முறை.

அடுத்த முறை அத்தை கிளம்பி வந்தபோது நான் பையைக் கட்டி முடித்திருந்தேன். அப்பா ஸ்டியரிங்கை விட்டுக் கண்ணை எடுக்காமல், "இன்னைக்கி லோடு சாஸ்தி தாயி. இன்னொரு நாளைக்கிப் பாப்போம்" என்றார். பின்னால் இரண்டே ஆட்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள். அத்தை அவர்களைப் பார்த்தாள். என் கையிலிருந்த நோட்டைப் பார்த்தாள்.

"சரிண்ணே. மேட்டுல பாத்துப் போங்க."

பையை அவிழ்த்துக்கொண்டு உள்ளே போனாள்.

அன்று முள் ஏறவில்லை. 'அத்தை வரவில்லை. முள் ஏறவில்லை' என்று எழுதி அடிக்கோடிட்டேன். அதற்குப் பிறகு முள் ஏறவே இல்லை. அத்தையும் மலை ஏறவில்லை.

அவள் போய்ச் சேர்ந்து ஆறு ஆண்டுகள் கழித்து, குரங்கணியில் ஒரு ஜீப் டிரைவர் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்: "தண்ணிப் பைய முன்னாடி கட்டி ரேடியேட்டருக்குக் காத்துப் போற வழிய அடச்சா, மேட்டுல இஞ்சின் வேகாம என்னய்யா செய்யும்?"

வீட்டுக்கு வந்து நோட்டைத் தேடி எடுத்தேன். தேதி, கிழமை, வளைவு, எல்லாம் சரியாகவே இருந்தன. பைக்கு மட்டும் நான் கட்டம் போடவில்லை.

அத்தையை விட்டுவிட்டுப் போன அன்று சாயங்காலம், கொல்லைக் கதவின் ஆணியில் அந்தப் பை நிறைந்தபடியே தொங்கியது. தாகத்தில் மூடியைத் திறந்து மடமடவென்று குடித்தேன். அத்தை அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குளுகுளுன்னு இருக்கு அத்தை."

"குடி ஆத்தா. இனி வேற யாரு குடிக்கப் போறா."

யாரென்று நான் கேட்கவில்லை. இன்னும் இரண்டு வாய் குடித்தேன்.