எடைக்கு எடை ஏலக்காய்

வெறும் தராசின் எதிரில் சென்னவீரப்பா ஐந்து நிமிடமாவது நிற்பார். இரண்டு தட்டும் சமமாக நிற்கிறதா என்று குனிந்து பார்ப்பார். புறா எச்சம் இருந்தால் துண்டால் துடைப்பார். "காலியா இருக்கும்போதே பொய் சொல்ற தராசு, ஆள் ஏறினா சும்மா இருக்குமா?" என்பார். சக்லேஷ்புரம் பக்கத்தில் எங்கள் மடத்துத் துலாபாரத் தராசு இருபத்தாறு வருடமாக அவர் பொறுப்பில் இருக்கிறது.

அவருக்கு நலம் விசாரிக்கிற வழக்கமே கிடையாது. "என்ன மேஷ்ட்ரே, ரெண்டு கிலோ குறைஞ்சிருக்கீங்க? வீட்ல சண்டையா?" என்று சந்தையில் வைத்து, பள்ளிக்கூட வாத்தியார் என்றும் பாராமல் என் மானத்தை வாங்குவார். சண்டைதான் என்பது வேறு விஷயம். பேங்க் மேனேஜரின் மனைவி அவரைத் தூரத்தில் கண்டாலே குடையை விரித்து மறைந்துகொள்வார்.

போன திங்கட்கிழமை எம்.எல்.ஏ. தம்மே கவுடர் வந்தார். தேர்தலில் ஜெயித்தால் எடைக்கு எடை ஏலக்காய் மடத்துக்குத் தருவதாக வேண்டுதல். ஜெயித்து இரண்டு வருடமாகிவிட்டது. அதற்குள் ஏலக்காய் விலை ஏறிவிட்டது, கவுடரும் ஏறிவிட்டார்.

மடத்துச் சாமியாருக்குக் காலையிலிருந்தே ஒரே கரிசனம். "கவுடரே, முதல்ல நாலு கடுபு கொழுக்கட்டை சாப்பிடுங்க. பிரசாதம், வேண்டாம்னு சொல்லப்படாது."

"இன்னிக்கு விரதம் சாமி. பச்சத் தண்ணி கூடக் கிடையாது."

கவுடர் தட்டிலிருந்த பலகையில் உட்கார்ந்ததும், இரண்டு பேர் தூக்கிவந்த ஆப்பிள் மாலையைச் சாமியார் அவர் கழுத்தில் போட்டார். "இது ஆசீர்வாதம். எடை முடியற வரைக்கும் கழுத்துல இருக்கட்டும்."

கவுடர் பயபக்தியோடு கும்பிட்டார். கும்பிட்டபடியே கால் கட்டைவிரலைத் தரையில் ஊன்றி, வேட்டி நுனியை அதன்மேல் தழையவிட்டார். எதிர்த்தட்டில் பத்துப் பத்து கிலோவாக மூட்டைகள் ஏறின. ஆறாவது மூட்டைக்கே கவுடர் அலாக்காக எழும்பினார். தொண்ணூறுக்குக் குறையாத உடம்பு!

சென்னவீரப்பா குடியிருப்பது மடத்து வீடு. அவர் மகளின் வேலை மாற்றலோ கவுடரின் சிபாரிசுக்காகக் காத்திருக்கிறது. மாலையைத் தொடாதே என்பதுபோல் சாமியார் கனைத்தார்.

"எடை சரிதானே, சென்னவீரப்பா?" என்று கவுடர் கண்ணடித்தார்.

"பெரிய சாமி வெறுங்கழுத்தா நிக்கறப்ப நமக்கு எதுக்குண்ணா மாலை?" என்று அதைக் கழற்றிச் சாமியாருக்கே போட்டார் சென்னவீரப்பா. கூட்டம் விசிலடித்தது. சாமியாரின் தலை மார்புவரை குனிந்தது. ஆசீர்வாதத்தை அவராலும் கழற்ற முடியவில்லை. கவுடர் இன்னொரு விரற்கடை உயர்ந்து சிரித்தார்.

"அண்ணா, உங்க பாதத்தைக் கொஞ்சம் குடுங்க."

எந்த மந்திரி காலிலும் விழாத மனிதர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "கவுடருக்கு ஜே!" என்றது கூட்டம். சென்னவீரப்பா வேட்டி நுனியை விலக்கி, அந்தக் கட்டைவிரலை இரண்டு கையாலும் பக்தியோடு தூக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கவுடரின் தட்டு தொம்மென்று தரையில் வந்து உட்கார்ந்தது. இன்னும் மூன்று மூட்டை ஏறித் தட்டு சமமாகும்வரை சென்னவீரப்பா அந்த விரலை விடவே இல்லை.