ஒருவர் மட்டும் கேட்கவில்லை என்றார்

தேவராஜன் அண்ணன் காலமான செய்தி, ஓய்வு பெற்ற விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களான எங்கள் வாட்ஸ்அப் குழுவில், யாரோ ஒருவருடைய பேரனின் பிறந்தநாள் படத்துக்கும் டுரியான் பழத்தின் விலை பற்றிய பேச்சுக்கும் நடுவே வந்தது. பத்து நிமிடத்துக்குள் கைகூப்பிய பொம்மைகள் வரிசையாக விழுந்தன. நானும் ஒன்றைப் போட்டுவிட்டு, கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் என் வீட்டுச் சமையலறையில் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தேன். கிள்ளானில் தனியாக வாழ்ந்தவர். இரண்டு நாள் செய்தித்தாள் கேட்டிலேயே செருகிக் கிடந்ததைப் பார்த்து, பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண்மணி ஆள் கூப்பிட்டிருக்கிறார். தூக்கத்திலேயே போயிருக்கிறார்.

கேரி தீவின் செம்பனைத் தோட்டமொன்றில் பிறந்து, படித்து, விமான நிலையக் கோபுரத்தின் உச்சிவரை ஏறியவர் அவர். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கு அங்கே ஆறு ஆண்டு அனுபவம். எங்கள் வேலையில் பாதி கண், பாதி காது. நாங்கள் கொடுக்கும் உத்தரவை விமானி திருப்பிச் சொல்ல வேண்டும். அதை நாங்கள் முழுதாகக் கேட்க வேண்டும். பிசகென்றால் அங்கேயே திருத்த வேண்டும். நாளுக்கு நூறு முறை செய்கிற காரியம் என்பதால், என்ன வரப்போகிறது என்று காதுக்கு முன்பே மனம் தீர்மானித்துவிடும்.

அண்ணனுக்குப் பயமெல்லாம் அதில்தான். "ஒண்ணுமே கேக்கலைன்னா ஆபத்து இல்ல பாலா, திரும்பக் கேட்டுக்கலாம். பாதி கேட்டுட்டு மீதிய நாமளே நிரப்பிக்கிறோம் பாரு, அதான் ஆபத்து" என்பார். நாற்காலி இழுபடும் சத்தம் வராதிருக்க, பழைய டென்னிஸ் பந்துகளை அறுத்து வந்து அதன் கால்களுக்கு மாட்டியவர் அவர்தான். நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைக்கூட மேலே பிரிக்க விடமாட்டார். சுற்றிப் பார்க்க வந்த பெரிய மனிதர் ஒருவர் உரக்கச் சிரித்தபோது, திரும்பிப் பார்க்காமலேயே உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினார். 'சத்தம் போடாதே சங்கத் தலைவர்' என்று நாங்கள் கேலி செய்வோம். அவரும் சிரிப்பார். "என்னா செய்யறது, சங்கத்துல நான் ஒருத்தன்தான்லா மெம்பரு."

பிறகு, கீழ்த்தளத்தைப் புதுப்பிக்கும் வேலை தொடங்கியது. கான்கிரீட்டை உடைக்கும் டிரில், காலைமுதல் மாலைவரை. அந்த அதிர்வு தரை வழியாக ஏறி எங்கள் பல்லில் தெரிந்தது. நாங்கள் ஹெட்செட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒலியைக் கூட்டிக் கூட்டி வைத்துச் சமாளித்தோம். அண்ணன் இரண்டு கடிதம் எழுதினார். பதில் வரவில்லை. அவற்றில் கையெழுத்துப் போட என்னையும் கூப்பிட்டார். அப்புறம் போடுகிறேன் என்றேன்.

ஒரு பிற்பகல், கனமழை விட்டு விமானங்கள் வரிசை கட்டி நின்றன. ஓடுபாதைப் பொறுப்பு அவருக்கு, தரையில் நகரும் விமானங்கள் எனக்கு, பின்னால் உதவிக்கு எங்கள் சக ஊழியர் ரஹீம். கீழே டிரில் அலறிக்கொண்டிருந்தது. அண்ணன் ஒரு விமானியை மூன்று முறை திருப்பிச் சொல்லச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "பாலா, உனக்குக் கேக்குதா?" என்றார். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா, இல்லை என்றா என்று எனக்கே தெரியாத ஆட்டல் அது.

அவர் புறப்பாடுகளை நிறுத்தினார். வருகிறவற்றையும் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டு, மேலதிகாரிக்குப் போன் போட்டார். "அந்த டிரில் நிக்கிற வரைக்கும் இங்க ஒண்ணும் நகராது, சார்." டிரில் நிற்க இருபது நிமிடம் ஆனது. அதன்பின் ஒவ்வொரு விமானமாகப் பத்திரமாக ஏற்றி அனுப்பினார். அன்று யாருக்கும் ஒரு கீறல் இல்லை. தாமதத்துக்காகப் புகார்தான் வந்தது.

எங்கள் மூவரையும் தனித்தனியாக அழைத்து விசாரித்தார்கள். எனக்கு ஒரே கேள்விதான்: வானொலியில் விமானிகள் பேசியது கேட்டதா? பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருந்தது. "சமாளிக்கிற அளவுக்குக் கேட்டுச்சு, சார்" என்றேன். ரஹீமும் அதையே சொல்லியிருந்தார். மூவரில் ஒருவர் மட்டும் கேட்கவில்லை என்றால் பழுது அவர் காதில்தானே? அண்ணனைச் செவிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். வயதுக்கேற்ற சிறு குறை இருந்தது. தேடினால் எங்களில் பாதிப் பேருக்கு இருந்திருக்கும். கோபுரத்திலிருந்து இறக்கி, தரைத்தளக் கோப்பறையில் உட்கார வைத்தார்கள்.

மேற்பார்வையாளர் பதவி எனக்கு வந்தது. அண்ணன் தேடி வந்து கைகொடுத்தார். "நல்லா செய்வே. கேக்கலைன்னா கேக்கலைன்னு சொல்லு, அது போதும்" என்றார். குத்திக் காட்டினாரா, மனமார வாழ்த்தினாரா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அதன்பின் கோப்பறைப் பக்கம் போகாமலிருக்க நான் பின்வாசல் வழியாகவே வந்துபோனேன். அவர் மனைவி இறந்தபோது மலர்வளையம் அனுப்பினேன். கேஎல் சென்ட்ரலில் ரயில் ஏறினால் கிள்ளான் ஒரு மணி நேரம். அதன்பின் வந்த பதினோரு ஆண்டுகளில் ஒருமுறைகூட நான் ஏறவில்லை.

முந்தாநாள் ஏறினேன். வீட்டில் கூட்டமில்லை. கைகூப்பிய பொம்மை போட்டவர்களில் நானும் ரஹீமும் மட்டுமே வந்திருந்தோம். பக்கத்து ஊரான மேருவில் வசிக்கும் அவர் தங்கை கமலா அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நீங்க அவரோட வேல செஞ்சவங்களா தம்பி? காது போனதுலருந்து அண்ணன் ரொம்ப ஒடுங்கிட்டாரு. நாங்கல்லாம் அவருகிட்ட கத்தித்தான் பேசுவோம். எங்க பிள்ளைங்க ஃபோன் போட்டாலும் ரெண்டு வார்த்தை கத்திட்டு வச்சுருவாங்க. ஒண்ணும் சொல்ல மாட்டாரு, கேட்டுக்குவாரு."

"அக்கா, அவரு காது நல்லாத்தான் இருந்துச்சு. அன்னிக்கு அங்க யாருக்குமே கேக்கல. எனக்கும் கேக்கல. அவரு ஒருத்தருதான் அத சொன்னாரு. நான் பொய் சொல்லிட்டேன்" என்றேன். ரஹீம் தலை குனிந்திருந்தார்.

அக்கா அழவில்லை, திட்டவில்லை.

"இத எங்ககிட்டயாச்சும் முன்னாடியே சொல்லியிருக்கலாமே தம்பி. நாங்க மெதுவா பேசியிருப்போமே."

பெட்டியைத் தூக்க ஆள் போதவில்லை என்று எங்களையும் அழைத்தார்கள். ரஹீம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கேட்டுக்கு வெளியே போர்ட் கிள்ளான் லோரிகள் இரைந்துகொண்டு போயின. வேனில் ஏற்றியதும் அக்காவின் பிள்ளைகள் வழக்கம்போல் "மாமா, போய்ட்டு வாங்க!" என்று உரக்கக் கத்தினார்கள். அக்கா அவர்கள் தோளில் கை வைத்து நிறுத்திவிட்டு, குனிந்து, பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்காத குரலில், அவரிடம் ஏதோ சொன்னார்.